கார் நகரத்தில் லைட் ரயில்: ஃபீனிக்ஸில் எதற்காக இத்தனை சண்டை?

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத் தலைநகர் ஃபீனிக்ஸ், மக்கள்தொகையில் அந்த நாட்டின் ஐந்தாவது பெரிய நகரம். 2020 கணக்கெடுப்பின்படி அங்கே 16 லட்சம் பேர் வசிக்கிறார்கள். 1950-இல் இருந்தவர்கள் ஒரு லட்சத்துச் சொச்சம்தான். இடைப்பட்ட எழுபது ஆண்டுகளில் ஊர் உயரமாக வளரவில்லை. பாலைவனத்தில் நாலாபக்கமும் பரவிக்கொண்டே போனது. மைலுக்கு ஒரு பெரிய சாலை, அதற்குள் தனித்தனி வீடுகள், சாலைகள் சந்திக்கும் முனையில் பெட்ரோல் பங்க்கும் பெரிய கார் நிறுத்தத்தோடு கடைகளும் என்று கட்டம் கட்டமாக அமைந்த ஊர். ஒரு பால் பாக்கெட் வாங்குவதற்கும் காரை எடுக்க வேண்டியிருக்கும்.

இந்த ஊரில் ரயில் விடலாமா வேண்டாமா என்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக வாக்குவாதம் நடக்கிறது. தேர்தலில் தோற்று, ஜெயித்து, மறுபடி நிறுத்தப் பார்த்து, மறுபடி ஜெயித்து வந்திருக்கிறது அந்த ரயில். கார் இல்லாமல் வாழவே முடியாது என்று ஆகிவிட்ட எந்த நகரத்திலும் இதே சண்டை வரும் என்பதால், ஃபீனிக்ஸைப் புரிந்துகொண்டால் மற்றதும் புரியும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு தரப்பும் ரயிலைப் பற்றித்தான் பேசுகின்றன, ஆனால் உண்மையான தகராறு சாலையின் அகலத்தைப் பற்றியது. அதை மனதில் வைத்துக்கொண்டால், மற்ற வாதங்களில் எது கனமானது, எது பேச்சுக்குச் சொல்வது என்று பிரித்துப் பார்க்கலாம்.

லைட் ரயில் எப்படி ஓடுகிறது

டிராமுக்கும் மெட்ரோவுக்கும் நடுவில் இருப்பது லைட் ரயில். பழைய டிராம் மற்ற வண்டிகளோடு ஒரே தடத்தில் ஓடியது. முன்னால் ஒரு வண்டி நின்றால் அதுவும் நின்றாக வேண்டும். மெட்ரோ அப்படியல்ல. தரைக்கடியிலோ தூண்களின் மேலோ அதற்கு முழுக்க முழுக்கத் தனிப்பாதை உண்டு. லைட் ரயில் பெரும்பாலும் தரையில், சாலையிலேயே ஓடும். ஆனால் சாலையின் நடுவில் தனக்கென்று ஒதுக்கிய தண்டவாளத்தில் ஓடும். அந்தப் பாதையில் கார் ஏறக் கூடாது. குறுக்குச் சாலைகள் வரும் இடத்தில் மட்டும் அது சிக்னலுக்குக் கட்டுப்படுகிறது. அங்கேயும் ரயில் நெருங்கும்போது பச்சை விளக்கு கொஞ்சம் நீளும்படியோ சீக்கிரம் வரும்படியோ அமைத்துவிடுவார்கள். மேலே போகும் கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும். ஃபீனிக்ஸில் இரண்டு அல்லது மூன்று பெட்டிகளைக் கோத்து ஓட்டலாம். நடைமேடைகளின் நீளமும் அதற்கேற்றதுதான்.

ஏன் இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? விலைதான் காரணம். தூண்கள் நட்டு மேலே கொண்டுபோனால் செலவு பல மடங்கு, சுரங்கம் தோண்டினால் அதைவிடவும் அதிகம். ஏற்கெனவே இருக்கும் சாலையில் தண்டவாளம் பதித்தால் நிலம் வாங்கும் செலவு பெருமளவு மிச்சம்.

சிக்கல் தொடங்குவதும் இங்கேதான். சாலையில் இடம் எடுத்துக்கொள்வதால்தான் லைட் ரயில் மலிவாகிறது. அந்த இடத்தில் நேற்று வரை கார் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். சிக்னல்கள் உள்ள நகரச் சாலையில் ஒரு தடம் மணிக்குச் சுமார் 700 கார்களைக் கடத்தும். ஒரு காரில் ஒருவர், சிலவற்றில் இருவர் என்று வைத்தால் ஆயிரம் பேர். மூன்று பெட்டி ரயிலில் நின்றும் உட்கார்ந்தும் 450 பேர் போகலாம். 12 நிமிடத்துக்கு ஒரு ரயில் என்றால் மணிக்கு ஐந்து. ஆக 2,200 பேருக்கு மேல் ஒரே திசையில் போய்விடுவார்கள். 6 நிமிடத்துக்கு ஒன்று விட்டால் அதுவும் இரட்டிப்பாகும், சாலை ஓர் அடிகூட அகலமாக வேண்டியதில்லை. ஆனால் ரயிலில் ஆள் ஏற வேண்டும். காலியாக ஓடும் ரயிலுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. எதிர்ப்பவர்கள் பிடித்துக்கொள்வதும் இந்த இடத்தைத்தான், அது நியாயமான கேள்விதான்.

வாக்குச்சீட்டில் ரயில்

ஃபீனிக்ஸில் ரயில் இருந்ததே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். 1887-இல் குதிரை இழுத்த டிராம் வந்தது, சில ஆண்டுகளில் மின்சார டிராமாக மாறியது. 1947 அக்டோபரில் டிராம் கொட்டகையில் தீப்பிடித்துப் பெரும்பாலான வண்டிகள் எரிந்துபோயின. புதிதாக வாங்க நகரம் முன்வரவில்லை. 1948-இல் டிராம் நின்றது. அதே காலத்தில்தான் ஊர் பரவத் தொடங்கியது, அந்தப் பரவல் முழுக்க முழுக்கக் காரை நம்பியே நடந்தது.

1989-இல் ஒரு பெரும் திட்டம் மக்கள் வாக்குக்கு வந்தது. ஃபீனிக்ஸையும் சுற்றியுள்ள நகரங்களையும் இணைத்து 100 மைலுக்கு மேல் தூண்களின் மீது ஓடும் தானியங்கி ரயில். மக்கள் பெருவாரியாக நிராகரித்தார்கள். 1997-இல் சுருக்கிய திட்டம் ஒன்று வந்தது. அது வெறும் 122 வாக்கில் தோற்றது. 2000-ஆம் ஆண்டு மார்ச்சில் மறுபடி கேட்டபோது ஏறக்குறைய 65 சதவீதம் பேர் சரி என்றார்கள்.

இதற்கெல்லாம் எதற்கு வாக்கெடுப்பு என்று நம் ஊர்க்காரருக்குத் தோன்றும். சென்னையில் மெட்ரோ வேண்டுமா என்று யாரும் வாக்குச்சீட்டு அச்சடிக்கவில்லை. அமெரிக்காவில் ஒரு நகரம் இப்படிப்பட்ட திட்டத்துக்குப் பணம் திரட்டுவது பெரும்பாலும் விற்பனை வரியைக் கொஞ்சம் உயர்த்தித்தான். ஃபீனிக்ஸில் அதற்கு மக்களிடமே போனார்கள். 2000-இல் கேட்டது நூறு டாலர் விற்பனைக்கு 40 சென்ட். அந்தப் பணம் வந்தால்தான் மத்திய அரசிடம் மானியம் கேட்க முடியும். பெரிய ரயில் திட்டங்களுக்கு வாஷிங்டன் ஏறக்குறையப் பாதி வரை கொடுக்கும், ஆனால் மீதிக்கு உங்கள் கையில் உறுதியான வருமானம் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான். அதனால் உள்ளூர் வாக்கெடுப்பில் தோற்றால் இரண்டு பணமும் போய்விடும்.

2000-இல் ஜெயித்ததற்கு ரயில் மட்டுமே காரணம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஃபீனிக்ஸில் ஞாயிற்றுக்கிழமை பேருந்தே கிடையாது. கார் இல்லாதவர் ஞாயிறு வேலைக்குப் போவதென்றால் யாரிடமாவது கெஞ்ச வேண்டும். புதிய வரியில் பெரும்பங்கு பேருந்துகளுக்குத்தான், ரயில் அதோடு சேர்ந்து வந்தது. பேருந்து வலுவாக இல்லாத ஊரில் ரயில் மட்டும் தனியாக நின்று ஒன்றும் செய்ய முடியாது. அதனால் அந்தக் கூட்டு சரியானது என்றே நினைக்கிறேன்.

2008 டிசம்பர் 27 அன்று முதல் ரயில் ஓடியது. 20 மைல், அதாவது 32 கிலோமீட்டர். 28 நிலையங்கள். செலவு 140 கோடி டாலர். வடக்கு ஃபீனிக்ஸிலிருந்து நகர மையம், பக்கத்து நகரமான டெம்பே வழியாக மேசா நகரின் மேற்குப் பகுதி வரை. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் டெம்பே வளாகமும் நகர மைய வளாகமும் இந்தத் தடத்தில் வந்துவிடுகின்றன. வார நாளில் 26,000 பேர் ஏறுவார்கள் என்று கணித்திருந்தார்கள், சில ஆண்டுகளிலேயே 40,000-ஐத் தாண்டியது. கொரோனா காலத்தில் அது பாதிக்கும் கீழே விழுந்தது, பழைய அளவை இன்னும் எட்டவில்லை. ரயிலை ஆதரிப்பவர்கள் முதல் கணக்கை மட்டும் சொல்வார்கள், எதிர்ப்பவர்கள் இரண்டாவதை மட்டும். இரண்டும் உண்மை.

எதிர்வாதங்களில் எது கனமானது

“ஊர் இவ்வளவு பரந்து கிடக்கிறது, ஒரு கோடு போட்டு என்ன பயன்?” என்பதுதான் முதலில் வரும் கேள்வி. ரயில் ஊர் முழுவதையும் தொடாது, சரிதான். ஆனால் ஊரின் சராசரி அடர்த்தியைப் பார்த்து ரயில் விடுவதில்லை. நகர மையம், பல்கலைக்கழகம், மருத்துவமனை, விளையாட்டு அரங்கம் என்று ஆட்கள் குவியும் இடங்கள் ஒரே வரிசையில் அமையும் தடத்தில்தான் விடுவார்கள். அப்புறம், ரயில் வந்த பிறகு அந்தத் தடத்தை ஒட்டி நகரம் மாற வேண்டும். இதற்காக ஃபீனிக்ஸ் 2015-இல் நிலையங்களைச் சுற்றி வேறு கட்டட விதிகளைக் கொண்டுவந்தது. கட்டடம் நடைபாதையை ஒட்டி வரலாம், உயரமாகக் கட்டலாம், கார் நிறுத்தம் குறைவாக இருந்தாலும் போதும். டெம்பேயில் ஒரு நிலையத்துக்கு அருகிலேயே ‘கல்டிசாக்’ என்ற குடியிருப்பு வந்திருக்கிறது. குடியிருப்பவர்களுக்குக் கார் நிறுத்த இடமே கிடையாது. அரிசோனாவில் இப்படி ஒன்றைக் கட்டி ஆள் பிடிக்க முடியும் என்று 2000-இல் சொல்லியிருந்தால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

வெயில் என்ற வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் வெயில் 43 டிகிரியைத் தாண்டியது. நிலையத்தில் நிழற்கூரை உண்டு, குளிர்ந்த குடிநீர்க் குழாயும் வைத்திருக்கிறார்கள், ரயிலுக்குள் ஏசி. பிரச்சினை நிலையத்துக்கு வந்து சேரும் அந்த அரை மைல். மரமில்லாத நடைபாதை, பக்கத்தில் கார் நிறுத்தத் தார்த்தளம் அனல் கக்கும். பகல் இரண்டு மணிக்கு ஒரு வயதானவர் அதில் நடப்பது ஆபத்தானது. ரயில் திட்டத்தில் மரம் நடும் செலவைச் சேர்க்காத நகரம் பாதி வேலையைத்தான் செய்கிறது.

“அதே பணத்தில் எத்தனை பேருந்து விடலாம்!” என்ற வாதம் பாதி சரி. நன்றாக நடத்தப்படும் பேருந்துத் தடம் பல இடங்களில் ரயிலைவிடப் புத்திசாலித்தனமான தேர்வு. ஆனால் அந்தப் பேருந்துக்கும் தனித் தடம் வேண்டும். தனித் தடம் இல்லையென்றால் அது கார்களோடு சேர்ந்து நெரிசலில் நிற்கும், வேகப் பேருந்து என்ற பெயர் மட்டும் மிஞ்சும். தனித் தடம் கொடுத்தால் கார்களுக்கு ஒரு தடம் குறையும். சுற்றிச் சுற்றி அதே சாலை அகலத்துக்குத்தான் வந்து நிற்கிறோம். பேருந்து போதும் என்று சொல்பவரிடம், அதற்கு ஒரு தடத்தை ஒதுக்கச் சம்மதமா என்று கேட்டுப் பாருங்கள். சம்மதம் என்றால் அவர் சொல்வதை உட்கார்ந்து கேட்கலாம்.

ஓட்டுநர் இல்லாத கார் வந்துவிட்டால் ரயில் எதற்கு என்பதும் அங்கே அடிக்கடி கேட்கும். வெறும் கற்பனை இல்லை, வேமோ நிறுவனத்தின் ஆளில்லாக் கார்கள் 2020 முதல் ஃபீனிக்ஸ் பகுதியில் பொதுமக்களை ஏற்றிக்கொண்டு ஓடுகின்றன. ஆனால் ஓட்டுநர் இறங்கிவிட்டதால் காரின் நீளம் குறைந்துவிடாது. ஒருவர் போகும் கார், ஆளோடு ஓடினாலும் ஆளில்லாமல் ஓடினாலும், சாலையில் அதே இடத்தைத்தான் அடைக்கும்.

சென்ட்ரல் அவென்யூ

எல்லா வாதங்களும் ஒரே தெருவில் வந்து மோதியது தெற்கு ஃபீனிக்ஸில். நகர மையத்துக்குத் தெற்கே, சரக்கு ரயில் பாதைக்கும் சால்ட் ஆற்றுக்கும் அப்பால் இருக்கும் பகுதி அது. இனப் பாகுபாடு வெளிப்படையாக நடந்த காலத்தில் கறுப்பின மக்களும் மெக்சிகோ வம்சாவளியினரும் அங்கேதான் ஒதுக்கப்பட்டார்கள். நகரத்தின் வசதிகள் அவர்களுக்கு எப்போதும் கடைசியில்தான் வந்தன. பேருந்தை நம்பி வாழ்பவர்கள் அங்கே அதிகம். ரயில் யாருக்கு முதலில் போயிருக்க வேண்டும் என்று கேட்டால், அந்தப் பகுதிக்குத்தான்.

திட்டம் இதுதான். நகர மையத்திலிருந்து பேஸ்லைன் சாலை வரை சென்ட்ரல் அவென்யூ வழியாக 5.5 மைல். தண்டவாளத்துக்கு இடம் விட, நான்கு கார் தடங்கள் இரண்டாகக் குறையும். 2018-இல் அந்தத் தெருவின் கடைக்காரர்களும் குடியிருப்பவர்களும் சிலர் திரண்டு “நான்கு தடம் வேண்டும், இல்லையேல் ரயில் வேண்டாம்” என்று போராடினார்கள்.

அவர்கள் பயத்தைப் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வண்டிகள் வலப்பக்கம் ஓடும். அதனால் இடப்பக்கம் திரும்புவதென்றால் எதிர்த் திசைச் சாலையைக் குறுக்கே கடக்க வேண்டும். முன்பு சாலை நடுவில் திரும்புவதற்கென்றே ஒரு தடம் இருந்தது. எந்தக் கடைக்கு எதிரேயும் அதில் ஒதுங்கி நின்று, எதிரே வண்டி இல்லாத நேரம் பார்த்துச் சட்டென்று உள்ளே நுழைந்துவிடலாம். ரயில் வந்த பிறகு அந்த இடத்தில் தண்டவாளம். சிக்னல் உள்ள சந்திப்பில் மட்டுமே திரும்ப முடியும். டயர் கடை இடப்பக்கம் தெரிகிறது, ஆனால் நேரே போய், அடுத்த சிக்னலில் காத்திருந்து, அரைவட்டம் அடித்துத் திரும்பி வர வேண்டும். “சரி, வழியில் வேறு கடையில் பார்த்துக்கொள்ளலாம்” என்று பத்தில் இரண்டு பேர் நினைத்தாலும் சின்னக் கடைக்கு அது பெரிய அடி. இதற்கு முன்னால், வாசலில் பள்ளம் தோண்டி வேலி போட்டிருக்கும் கட்டுமானக் காலத்தைத் தாண்டி அந்தக் கடை பிழைத்திருக்க வேண்டும். இன்னொரு பக்கம், ரயில் வந்தால் வாடகை ஏறும், தலைமுறையாக இருப்பவர்களே கிளம்ப வேண்டி வரும் என்ற கவலை. எதிர்த்தவர்களைப் பிற்போக்காளர்கள் என்று ஒதுக்கிவிட்டால் இதெல்லாம் கண்ணில் படாமலே போகும்.

நகர மன்றம் 2018 செப்டம்பரில் இரண்டு தட வடிவத்தையே உறுதி செய்தது. ஆனால் போராட்டம் கையெழுத்து இயக்கமாக வளர்ந்து, ‘முன்மொழிவு 105’ என்று வாக்குச்சீட்டுக்கு வந்தது. இந்த இடத்தில் கவனிக்க வேண்டியது, கேள்வி மாறிவிட்டது. சென்ட்ரல் அவென்யூவில் எத்தனை தடம் என்று கேட்டுத் தொடங்கியது, நகரத்தில் இனி எங்கேயுமே லைட் ரயில் நீட்டிப்பு கூடாது என்று முடிந்தது. அந்தப் பணத்தைச் சாலை, பேருந்து போன்ற மற்றவற்றுக்குச் செலவிடலாம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, குண்டும் குழியுமான சாலையைச் சரிசெய்வதை யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் மத்திய அரசின் ரயில் மானியத்தைச் சாலைக்குத் திருப்ப முடியாது. ஃபீனிக்ஸ் வேண்டாம் என்றால் அது வேறொரு நகரத்தின் ரயிலுக்குப் போய்விடும். தென் ஃபீனிக்ஸ் தடத்துக்கு அப்படி வந்த தொகை பின்னர் 53 கோடி டாலர்.

2019 ஆகஸ்ட் 27 அன்று பத்தில் ஆறு பேருக்கு மேல் முன்மொழிவு 105-ஐ நிராகரித்தார்கள். 1989-இல் ரயிலைத் தோற்கடித்த அதே ஊர்தான் இது. பதினோரு ஆண்டுகளாகக் கண்ணெதிரே ஓடிக்கொண்டிருந்த ரயில் அந்த மாற்றத்தில் பெரும்பங்கு வகித்தது என்று நம்புகிறேன். வரைபடத்தில் இருக்கும் ரயிலை எதிர்ப்பது சுலபம். பேரன் கல்லூரிக்குப் போகும் ரயிலை எதிர்ப்பது கடினம்.

கட்டுமானம் 2019 கடைசியில் தொடங்கி, 2025 ஜூன் 7 அன்று ரயில் ஓடத் தொடங்கியது. செலவு 130 கோடி டாலரைத் தாண்டியது. 2008-இல் 140 கோடியில் 32 கிலோமீட்டர் போட்டார்கள், இப்போது ஏறக்குறைய அதே பணத்தில் 9 கிலோமீட்டர். விலைவாசி ஏறியிருக்கிறது, நகர மையத்தில் இரண்டு பாதைகளும் சந்திக்கும் வேலையும் இதில் அடக்கம், சாலைக்கடியில் பழைய குழாய்களை மாற்றவும் வேண்டும். எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் கிலோமீட்டருக்கு மூன்று மடங்குக்கு மேல் என்பது கையைக் கடிக்கும் கணக்கு. ரயிலை விரும்புகிறவர்கள்தான் இதைப் பற்றி முதலில் குரல் எழுப்ப வேண்டும். இந்த விலையில் இனி எத்தனை மைல் போட முடியும்? 130 கோடி செலவாகும் வேலையில், ஆறு ஆண்டு தூசியைத் தின்ற கடைகளுக்கு ஈடு கொடுப்பதும் தண்டவாளத்தைப் போலவே திட்டச் செலவின் ஒரு பகுதியாக முதல் நாளிலிருந்தே எழுதப்பட வேண்டும்.

ஃபீனிக்ஸுக்கு வெளியே நிலைமை வேறு. பக்கத்து நகரமான க்ளென்டேல் 2017-இல் தனக்கு ரயில் வேண்டாம் என்று முடிவெடுத்தது. ஸ்காட்ஸ்டேல் தொடக்கத்திலிருந்தே சேரவில்லை. இன்டெல் ஆலைகளை ஒட்டித் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வசிக்கும் சாண்ட்லருக்கும் ரயில் போகவில்லை. 2024 நவம்பரில் அந்தப் பகுதி முழுவதற்குமான போக்குவரத்து வரியை நீட்டிக்க மக்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அந்த வரியிலிருந்து புதிய லைட் ரயில் நீட்டிப்புக்கு ஒரு டாலரும் எடுக்கக் கூடாது என்று மாநிலச் சட்டமன்றம் 2023-இலேயே நிபந்தனை போட்டுவிட்டது. ஆக, அடுத்த தடத்துக்கு ஃபீனிக்ஸ் தன் சொந்த நகர வரியைத்தான் நம்ப வேண்டும். 2015-இல் மக்கள் வாக்களித்து உயர்த்திய அந்த வரி 2050 வரை இருக்கிறது. தெற்கைப் போலவே பேருந்தை நம்பி வாழும் மேற்கு ஃபீனிக்ஸ் இன்னும் ரயிலுக்குக் காத்திருக்கிறது.